தீப்பெட்டி உயரச் சிப்பாய்

புருஷனின் சட்டைப் பையில் மல்லிகைப் பூ இருந்திருந்தால்கூட சரோஜம்மாள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். இருந்தது ஒரு பொம்மை.

போன புதன்கிழமை துணி துவைக்கும்போது கிடைத்த அதைக் கேழ்வரகுப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். பச்சை பிளாஸ்டிக். சுண்டுவிரல் நீளம். கையில் துப்பாக்கி. குழந்தை ஓடி விளையாடுகிற வீட்டில் அது வெறும் பொம்மை. கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் தொட்டில் கட்டாத வீட்டில் அது வெறும் பொம்மை இல்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. பாகலூரில் பொழுது விடிந்ததுமே சென்னகிருஷ்ணன் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். கிருஷ்ணகிரி மண்டியில் மாங்காய் எடுத்துப் பெங்களூருக்கு லாரி ஏற்றுவது அவன் வியாபாரம். சீசனில் வாரம் மூன்று தடவை போவான். அது சரி. இது ஆவணி மாசம்.

"மாங்காய் ஆடியோட முடிஞ்சுபோச்சே. இன்னும் என்னாத்துக்குப் பெங்களூரு?" என்றாள் சரோஜம்மாள்.

"வியாபாரிங்களைச் சீசன்ல மட்டும் பாத்தா ஆவுமா? அப்பப்போ தலையைக் காட்டணும்."

"சனிக்கிழமையில மட்டும்தான் அவங்களுக்குக் கண்ணு தெரியுமா?"

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

சிரித்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் சிரித்தான். போகிற போக்கில் அடுப்பு மாடத்திலிருந்த தீப்பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். சென்னகிருஷ்ணன் பீடி குடிக்கிறவன் இல்லை.

"தீப்பெட்டி எதுக்குங்க?"

"இருக்கட்டும்."

முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. போய்விட்டான்.

சரோஜம்மாள் நேராக அவன் டிரங்குப் பெட்டியிடம் போனாள். வேட்டிகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தாள். இன்னொரு சிப்பாய். பானைக்குள் இருப்பவனைவிட ரொம்பச் சின்னவன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவன்.

பெரியது ஒன்று, சின்னது ஒன்று. பெரியவனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்றா? ரெண்டு பிள்ளைகளா?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"என்னாது அது?"

நாகம்மா நின்றிருந்தாள். சென்னகிருஷ்ணனின் அக்கா. இருபது வயதில் தாலியை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். நிலம், களம், மாந்தோப்பு எல்லாவற்றுக்கும் சாவி அவள் இடுப்பில்தான்.

மறைக்க நேரமில்லை. நாகம்மா இரண்டு பொம்மைகளையும் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

கத்தப்போகிறாள் என்று நினைத்தாள் சரோஜம்மாள். நாகம்மா கத்தவில்லை. அவள் முகம் மலர்ந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"எங்க கெடச்சுது?"

"ஒண்ணு சட்டையில. ஒண்ணு பெட்டியில."

"துப்பாக்கி வெச்சிருக்குது பாரு. பொட்டப்புள்ளைக்கு யாராச்சும் துப்பாக்கி வாங்குவாங்களா? ஆம்பளப் புள்ளைதான்!"

"அண்ணி!"

"என்னாடி அண்ணி? ஏழு வருஷமா நான் எந்தக் கோயிலை விட்டு வெச்சேன்? எங்கியோ ஒரு எடத்துல அவனுக்கு ஒரு புள்ளை இருக்குதுன்னா, அது எங்கப்பன் வம்சம். யார் வயித்துல பொறந்தா என்ன?"

"அப்போ நானு?"

"நீ எங்க போவப்போறே? நீயும் இரு. சோத்துக்கா பஞ்சம்?" நாகம்மா குரலைத் தாழ்த்தினாள். "இந்தா, கேளு. இன்னிக்குச் சாயங்காலம் நாகரசம்பட்டி கோவிந்தப்பன் வர்றாரு. வெத்தலை பாக்கு மாத்திக்கணும்ங்கறாரு. தம்பிக்கு ஏற்கெனவே புள்ளை இருக்குதுன்னா, அவரை மரியாதையா அனுப்பிடறேன். இல்லேன்னா அவர் மவ இந்த வீட்டுக்கு வருவா. நீயே போயிக் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு."

பிள்ளை இருந்தால் அவள் புருஷன் அவளுடையவன் இல்லை. பிள்ளை இல்லையென்றால் இன்னொருத்தி வருவாள். எந்தக் கதவைத் திறந்தாலும் கிணறு.

சரோஜம்மாள் முகம் கழுவிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

---

ஓசூரில் பெங்களூர் பஸ்ஸின் படியில் நின்றுகொண்டிருந்த கண்டக்டர் அவள் தம்பி சின்னராஜ்தான். அக்காவைத் தனியாகப் பார்த்ததும் வாயிலிருந்த விசிலை எடுத்தான்.

"என்னாக்கா இது? எங்க போறே?"

"உங்க மாமன் எங்க போறாரோ அங்க."

சின்னராஜ் விசிலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டான். பஸ் அத்திப்பள்ளி தாண்டும் வரைக்கும் அவள் பக்கமே வரவில்லை. அது போதும் அவளுக்கு. டிக்கெட் கொடுக்க வந்தபோது அவன் தோள்பையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சின்னு!"

அவன் நாலு பக்கமும் பார்த்தான். "போன மாசம் ஒரு தடவை பாத்தேன். கண்டோன்மென்ட்டுல, கமர்ஷியல் தெருவுல ஒரு பொம்மைக் கடை. மாமா உள்ள நின்னு பேரம் பேசிகிட்டிருந்தாரு. யாராச்சும் வியாபாரி வீட்டுப் புள்ளைக்கா இருக்கும்னு நெனச்சேன்."

"நெசமாவே அப்படித்தான் நெனச்சியா?"

"இல்லை."

பஸ் ஒரு மாட்டு வண்டியைத் தாண்டிக் குலுங்கியது.

"ரெண்டாந்தாரம் கட்டக்கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சுக்கா. பேப்பர்லயே போட்டிருந்தான்" என்றான் சின்னராஜ், சமாதானமாக.

"உங்க சட்டம் ஓசூர்ல எறங்கிடும். பாகலூரு பஸ்ஸைப் பிடிக்காது."

முன் சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்தார். சரோஜம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

---

கடை அப்போதுதான் திறந்திருந்தது. எதிர்ச் சாரியில் வளையல் கடை. அடுத்த டிரிப்புக்கு நேரம் இருந்ததால் கூடவே வந்த சின்னராஜ் அக்காவை அங்கே நிறுத்தினான். கையில் வளையலைப் பிடித்துக்கொண்டு கண்ணை எதிரே வைத்தாள்.

சென்னகிருஷ்ணன் கண்ணாடி மேஜைமேல் குனிந்திருந்தான். கடைக்காரர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து வைத்தார். சிப்பாய்கள். முட்டி போட்டவன், ஓடுகிறவன், கொடி பிடித்தவன். சென்னகிருஷ்ணன் ஒருவனை எடுப்பான். சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்துவான். சிப்பாயை அதன் பக்கத்தில் நிறுத்துவான். தலையைச் சாய்த்துப் பார்ப்பான். வேண்டாம் என்று தள்ளுவான்.

மாங்காய் வாங்கும்போதுகூட அவன் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"புள்ளைக்கு வாங்கறவன் தீப்பெட்டி வெச்சு அளப்பானாடா?"

சின்னராஜ் யோசித்தான். "ரொம்பச் சின்னப் புள்ளையா இருந்தா முழுங்கிடும் இல்லைக்கா. தொண்டையில சிக்குமான்னு அளக்கறாரோ என்னவோ."

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் அவள் கையிலிருந்த வளையல் உடைந்தது. வளையல்காரரிடம் சின்னராஜ் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

கடைசியில் கடைக்காரர் உள்ளே போய் ஒரு தட்டையான அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். அதைத் திறந்ததும் சென்னகிருஷ்ணன் நிமிர்ந்தான். ஒருவனை எடுத்துத் தீப்பெட்டியோடு நிறுத்தினான். பாதி உயரம்கூட இல்லை. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சரோஜம்மாள் ஏழு வருஷத்தில் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறாள்.

பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவன் வெளியே வந்து கிழக்கே நடந்தான்.

"நீ அவர் பின்னாலயே போ. முக்குல நில்லு. நான் வந்துடறேன்" என்று தம்பியை விரட்டிவிட்டுச் சரோஜம்மாள் தெருவைக் கடந்து கடைக்குள் நுழைந்தாள்.

"இப்போ போனாரே, அவரு அடிக்கடி வருவாருங்களா?"

கடைக்காரர் தமிழ்க்காரர்தான். "ரெண்டு மாசமா வாரம் தவறாம வராரும்மா. நல்ல மனுஷன். பெரிய சிப்பாயா வாங்கிட்டுப் போவாரு. அடுத்த வாரம் திருப்பிக் கொண்டாந்துடுவாரு."

"ஏன்?"

"அங்க ஒத்துக்கலையாம். பெரிசு வேணாம், சின்னதுதான் வேணும்னு ஒரே அடமாம். 'எனக்குப் பெரிசுதாங்க பிடிச்சிருக்கு, அங்க கேக்கமாட்டேங்கறாங்க'ம்பாரு. நானும் எங்கெங்கியோ சொல்லி வெச்சு, கப்பல் சரக்குல இந்தச் சின்ன சைஸைத் தருவிச்சேன். மாதிரிக்கு ஒண்ணு போன வாரமே குடுத்தேன், முழுப் பெட்டி இப்பத்தான் வந்துது."

"அங்கன்னா எங்க?"

"அது நமக்கெதுக்கும்மா?" என்றவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?"

"அவருக்கு வேண்டியவ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அடம். அந்த ஒரு சொல்லே போதும். அடம் பிடிப்பது யார்? பிள்ளைகள்தானே?

---

அல்சூர் பக்கம் ஒரு சந்து. ஓட்டு வீடுகள். சென்னகிருஷ்ணன் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினான். ஒரு பெண்பிள்ளை திறந்தாள். நிழலில் முகம் தெரியவில்லை. சிவப்புப் புடவை தெரிந்தது. வீட்டுக்காரன் வேலையிலிருந்து வந்தால் வாங்குவதுபோல அவன் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி உள்ளே போனான்.

சந்து முனையிலிருந்து சரோஜம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பஸ் எடுக்க நேரமாவுது. வா, போயிடலாம். நம்ம அப்பனை அனுப்பிப் பேசிக்கலாம்" என்றான் சின்னராஜ்.

"நீ போ."

"தனியாவா?"

"சண்டை போடறதுக்குக் கண்டக்டர் எதுக்கு?"

அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அந்த வீட்டின் முன்னால் கொடியில் துணி காய்ந்தது. ஒரு காக்கி அரைக்கால் சட்டை, பெரிய ஆள் அளவு. ஒரு ரவிக்கை. சரோஜம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சின்னச் சட்டை இல்லை. ஜட்டி இல்லை. தொட்டில் துணிகூட இல்லை. உள்ளே உலர்த்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து அவள் புருஷனின் குரல் வந்தது. உயிர் போகிற குரல்.

"ஐயோ! இன்னும் எத்தனை பேரைச் சாகடிப்பே?"

யாரோ ஓர் ஆண் உறுமினான். "கர்னல் துரை! உங்க படை பாதி மலையிலயே செத்துப்போச்சு. மரியாதையா எறங்கிப் போங்க!"

சரோஜம்மாள் கதவைத் தள்ளினாள்.

எதிரே வந்த சிவப்புப் புடவைக்காரி அப்படியே நின்றுவிட்டாள். நாற்பது வயசு இருக்கும். முன்நெற்றியில் நரை.

"அம்மா... நீங்களா?"

சரோஜம்மாளுக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சாந்தம்மா. பாகலூரில் இவர்கள் நிலத்தில் களை எடுக்கும் சென்னம்மாளின் மருமகள். சென்னம்மாளின் மகன் ஆஞ்சப்பன் பட்டாளத்துக்குப் போனதும், திரும்பி வந்து பெங்களூரில் ஏதோ தொழிற்சாலையில் சேர்ந்ததும் ஊருக்கே தெரிந்த கதைதான். நாகம்மா வீட்டில் அந்தச் சென்னம்மாளுக்குக் கூழ் ஊற்றுவது கொட்டகைக்குப் பின்னால், தனிச் சட்டியில். அவள் இடத்திலிருந்து இந்த வீட்டார் தண்ணீர்கூட வாங்கிக் குடித்தது கிடையாது.

"அவரு உள்ள இருக்காரா?" என்றாள் சரோஜம்மாள்.

சாந்தம்மா வழி விட்டு விலகி நின்றாள்.

உள் அறையில் மேஜை இல்லை, நாற்காலி இல்லை. தரையில் பலகைகளை அடித்து ஒரு பெரிய தொட்டி. அது நிறைய ஈர மணல். மணலில் ஒரு மலை. சரோஜம்மாளுக்கு அந்த மலையைத் தெரியும். கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிற மலை. ஒரு பக்கம் வழுக்கைப் பாறை, உச்சியில் கோட்டை, அடிவாரத்தில் பேட்டை. அடிவாரத்துக் கோட்டை வாசலாக ஒரு தீப்பெட்டி நின்றது.

தொட்டியின் ஒரு பக்கம் காக்கி அரைக்கால் சட்டையில் ஆஞ்சப்பன். எதிர்ப் பக்கம் முட்டி போட்டுக் குனிந்திருந்தான் அவள் புருஷன். கையில் தாயக்கட்டை.

சென்னகிருஷ்ணன் நிமிர்ந்தான்.

"சரோஜா..."

"புள்ளை எங்க?"

"எந்தப் புள்ளை?"

"நடிக்காதீங்க. பெரிய சிப்பாய் எவனுக்கு, சின்னச் சிப்பாய் எவனுக்கு?"

ஆஞ்சப்பன் எழுந்து நின்றான். ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான், பிறகு அவனைப் பார்த்தான். சிரிப்பு வந்ததை மீசைக்குள் அடக்கிக்கொண்டான்.

"அம்மா, புள்ளை நாங்க ரெண்டு பேருந்தாங்க" என்றான்.

---

நம்பக்கூடிய கதையா அது? நீங்களே சொல்லுங்கள்.

வைகாசி மாசம் மாங்காய் லாரியோடு மார்க்கெட்டில் நின்ற சென்னகிருஷ்ணனை ஆஞ்சப்பன் பார்த்தானாம். மழை பிடித்துக்கொள்ள, ஒதுங்க இந்த வீட்டுக்கு வந்தார்களாம். பட்டாளத்தில் சண்டைக்கு முன்னால் மணலில் மலையும் ஆறும் செய்து காட்டிப் பாடம் நடத்துவார்களாம். ஆஞ்சப்பன் சும்மா இருக்கும் நேரத்தில் கிருஷ்ணகிரி மலையைச் செய்து வைத்திருந்தானாம். திப்பு காலத்தில் வெள்ளைக்காரப் படை ஏறிப் பார்த்து, மேலேயிருந்து உருண்ட கல்லுக்குப் பயந்து திரும்பிய மலை. "நீங்க வெள்ளைக்காரனா இருந்தா எப்படிப் பிடிப்பீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டானாம்.

"புளியங்கொட்டை வெச்சு ஆடினோம் முதல்ல" என்றான் சென்னகிருஷ்ணன். "தாயம் விழுந்தா ஒருத்தன் சாவான். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. அப்புறம் புளியங்கொட்டை மனுஷன் மாதிரி தெரியலை. அதான் கடைக்குப் போனேன்."

"முப்பத்திமூணு வயசு ஆம்பளை பொம்மை வெச்சு ஆடறீங்க. அதை நான் நம்பணும்."

"நம்பாட்டிப் போ."

"நம்பலை." அவள் முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு சிப்பாய்களையும் எடுத்தாள். நாகம்மாவின் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். "இது ஏன் ரெண்டு அளவு? அதைச் சொல்லுங்க. அங்க சின்னது கேட்டு அடம் பிடிக்கறாங்கன்னு கடைக்காரர் சொன்னாரு. யாரு அடம் பிடிக்கறது?"

"இவன்!" என்று ஆஞ்சப்பனைக் காட்டினான் சென்னகிருஷ்ணன்.

"அடம் இல்லைங்கம்மா. நியாயம்" என்றான் ஆஞ்சப்பன். "பெரிசுக்கு முகம் நல்லாருக்குது, மீசை தெரியுதுன்னு இவரு சொல்றாரு. மீசையா சண்டை போடுது? இந்த மலையில பெரியவனை இருபது பேருக்கு மேல நிறுத்த முடியாது. அது படையில்லீங்க, சந்தைச் சண்டை. சின்னவன்னா நூறு பேரை வரிசை கட்டி ஏத்தலாம்."

"இரும்புத் தொப்பி போட்ட இந்தச் சின்னவன் திப்பு படையா? அதைக் கேளு" என்றான் சென்னகிருஷ்ணன் மனைவியிடம், தான் மாட்டிக்கொண்டிருப்பதையே மறந்து. "பெரியவன்ல தலைப்பாகை கட்டினவன் கெடைக்கறான். காலத்துக்குத் தகுந்தவன் வேணுமா, மலைக்குத் தகுந்தவன் வேணுமா?"

"தலைப்பாகையை நூல்ல கட்டிக்கலாம். ஒசரத்தை எதால குறைப்பீங்க?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். இது இன்றைக்குத் தொடங்கிய சண்டை இல்லை என்பது தெரிந்தது. எவனும் இவ்வளவு சின்ன விஷயத்தில் இவ்வளவு கோபத்தை நடித்துக் காட்ட முடியாது.

சரோஜம்மாள் குனிந்தாள். பெரிய சிப்பாயை எடுத்துத் தீப்பெட்டி வாசலுக்கு முன்னால் நிறுத்தினாள். அவன் தலை வாசலுக்கு மேலே நின்றது.

பார்த்தாள். அவளையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"இவன் எதுக்குச் சண்டை போடணும்? கோட்டையைத் தாண்டிகினு போயிடுவானே!"

ஆஞ்சப்பன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். கதவருகே சாந்தம்மா சிரித்தாள். "இதையேதான் நானும் சொன்னேன். பொம்பளை சொல்லு அம்பலம் ஏறலை."

சென்னகிருஷ்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை நேராக.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றாள் அவள் மெதுவாக.

"இங்க நான் சாப்படறேன், சரோஜா. சாந்தம்மா கையால. அக்காவுக்குத் தெரிஞ்சா என்னை ஒண்ணும் பண்ண மாட்டா. சென்னம்மா கிழவியைக் குடிசையோட எடுத்தெறிஞ்சுடுவா. நாப்பது வருஷமா இருக்கற எடம் அவங்களுக்கு."

சாந்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கையில் ஒரு தம்ளர் இருந்தது. காபி. கொடுக்கலாமா வேண்டாமா என்று எவ்வளவு நேரமாக அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளோ.

சரோஜம்மாள் கையை நீட்டினாள். வாங்கி, உதட்டில் வைத்துக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

---

திரும்பும் பஸ்ஸில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி.

"நாகரசம்பட்டிப் பொண்ணை ஏன் வேண்டாம்னு சொல்லலை?"

சென்னகிருஷ்ணன் திகைத்துப் பார்த்தான். "சொன்னேனே. ஆடி மாசமே சொல்லிட்டேன். எனக்கு ஒருத்தி போதும்னு."

"யாருகிட்ட?"

"அக்காகிட்டதான். 'சரிப்பா, விட்டுடறேன்'னு சொன்னாளே."

சரோஜம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆடி மாசம் முழுக்க நாகம்மா அவளிடம் சொன்னது வேறு. 'அவன் வாயத் தொறக்க மாட்டேங்கறான். மனசுக்குள்ள ஆசைதான்' என்று சொல்லிச் சொல்லி அழவைத்திருக்கிறாள். இவர் சொல்வது பொய்யா, அவள் சொன்னது பொய்யா? காலையில் புருஷன்மேல் இருந்த சந்தேகம் அப்படியே இடம் மாறி, சாவிக்கொத்து தொங்கும் ஓர் இடுப்பின்மேல் போய் உட்கார்ந்தது.

"இன்னிக்கு கோவிந்தப்பன் வர்றாரு. வெத்தலை மாத்த" என்றாள்.

"என்னாது?"

"புள்ளை இல்லேன்னா மாத்தறதாப் பேச்சு."

"நான் வந்து நேரா சொல்லிடறேன், முடியாதுன்னு."

"சொல்லுங்க. அப்போ வாரம் வாரம் பெங்களூருல என்ன வேலைன்னு கேப்பாங்க. ரெண்டு பொம்மையையும் அவங்க பாத்தாச்சு. என்ன சொல்லுவீங்க?"



---

கூடத்தில் பெரிய ஜமுக்காளம் விரித்திருந்தது. கோவிந்தப்பன் சாய்ந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். கனத்த மனிதர், காதில் சிவப்புக்கல் கடுக்கன். எதிரே தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மடித்த புடவை.

"வாங்க மாப்பிள்ளை. உங்களுக்காகத்தான் காத்திருக்கறேன்" என்றார்.

மாப்பிள்ளை என்று கூப்பிட்டாகிவிட்டது.

சென்னகிருஷ்ணன் செருப்பைக் கழற்றத் தொடங்கினான். அதற்குள் நாகம்மா சரோஜம்மாளின் கையைப் பிடித்துச் சமையலறை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சொல்லு. பாத்தியா?"

"பாத்தேன்."

"புள்ளை இருக்குதா இல்லையா? ஒரே வார்த்தை."

இல்லை என்பதும் ஒரே வார்த்தைதான். அதுதான் உண்மை. அதைச் சொன்னால் தாம்பாளம் கை மாறும். ஏன் இல்லை, அங்கே என்ன இருந்தது என்று இன்னும் நாலு வார்த்தை சொன்னால் சென்னம்மாளின் குடிசைக் கூரை பிரியும்.

சரோஜம்மாள் நாகம்மாவின் முகத்தைப் பார்த்தாள். 'சரிப்பா, விட்டுடறேன்' என்று தம்பியிடம் சொன்ன முகம். 'மனசுக்குள்ள ஆசைதான்' என்று தன்னிடம் சொன்ன முகம்.

கூடத்துக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"இருக்குது அண்ணி. ஆம்பளப் புள்ளை."

விசிறி நின்றது.

செருப்பு வாரைப் பிடித்தபடியே சென்னகிருஷ்ணன் உறைந்துபோனான். அவன் பார்வை சரோஜம்மாளின் பார்வையைத் தொட்டது. ஒரு நொடி. அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான், குற்றம் ஒப்புக்கொள்கிறவனைப்போல.

கோவிந்தப்பன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "என்னைக் கூப்பிட்டு வெச்சு அவமானப்படுத்தறீங்களாம்மா? ஒளிவு மறைவா குடும்பம் வெச்சிருக்கறவனுக்கு என் பொண்ணு கேக்குதா?" தாம்பாளத்திலிருந்த புடவையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வெளியே அவர் வண்டி மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

சரோஜம்மாள் மூச்சு விட்டாள். ஏழு வருஷத்து மூச்சு.

நாகம்மா கோவிந்தப்பன் போனதைக் கவனிக்கவேயில்லை. அவள் கண்ணில் நீர் நின்றது. புருஷன் செத்தபோதுகூட அழாதவள் என்று ஊரில் சொல்வார்கள்.

"எங்கப்பன் வந்து பொறந்திருக்கறான்" என்றாள். "நாராயணப்பன்னுதான் பேரு வெக்கணும். வேற பேரு வெச்சிருந்தாலும் மாத்திடணும்." சாவிக்கொத்தை உருவினாள். அலமாரியைத் திறந்து, துணி சுற்றிய ஒரு வெள்ளி அரைஞாணை எடுத்தாள். "வர்ற சனிக்கிழமை நானே உங்ககூட வர்றேன். என் கையால புள்ளைக்குக் கட்டி, வீட்டுக்குத் தூக்கியாந்துடறேன்."

சென்னகிருஷ்ணன் சரோஜம்மாளைப் பார்த்தான். சரோஜம்மாள் சென்னகிருஷ்ணனைப் பார்த்தாள்.

நாகம்மா அரைஞாணைத் தன் இரண்டு கைகளுக்கு நடுவே நீட்டிப் பிடித்து அளவு பார்த்தாள்.

"இது போதுமா, கண்ணி சேக்கணுமா? புள்ளைக்கு என்ன வயசு?"

"மூணு" என்றாள் சரோஜம்மாள்.

"அஞ்சு" என்றான் சென்னகிருஷ்ணன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லியிருந்தார்கள்.

நாகம்மாவின் கைகள் அந்தரத்தில் நின்றன. தம்பியைப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். கண்ணிலிருந்த நீர் காய்ந்துகொண்டே வந்தது. வெள்ளி அரைஞாணை மெதுவாகத் துணியில் சுற்றினாள், அலமாரிக்குள் வைத்தாள், பூட்டினாள்.

"சனிக்கிழமை எதுக்கு?" என்றாள். "நாளைக்கே போலாம். முதல் பஸ்ஸுக்கு."